டி-பஸ்ஸைத் திறக்கும் அந்த ஒற்றை வரி

பகலில் ஒழுங்காக ஓடிய நிரல் ராத்திரியில் மட்டும் ஓடவில்லை. எனக்கென்று ஒரு டெபியன் சர்வர் வைத்திருக்கிறேன். அதில் என் யூசர் கணக்கின் கீழ், ரூட் உரிமை எதுவும் இல்லாமல், நானே எழுதிய சின்ன பேக்கப் சர்வீஸ் ஒன்று ஓடும். அதற்கு "வேலையை ஆரம்பி" என்று டி-பஸ் (லினக்ஸில் நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி) வழியாகச் செய்தி அனுப்ப, சி மொழியில் ஐம்பது வரிகூட வராத ஒரு நிரல். டெர்மினலில் ஓட்டினால் உடனே பதில் வந்துவிடும். அதையே, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரானில் போட்டு ராத்திரி 2 மணிக்கு ஓட வைத்தேன். மறுநாள் லாகைப் பார்த்தால், நான் கேட்ட பெயரில் எந்த சர்வீஸும் கிடையாது என்று பிழை. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே போய்ப் பார்க்கிறேன், சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிரலைக் கையால் ஓட்டினேன், வேலை செய்தது. முதல் ராத்திரி இப்படிப் போனது.

கோளாறு இருந்த இடம், நான் யோசிக்காமல் எழுதிய முதல் வரி: பஸ்ஸுக்கு இணைப்பைத் திறக்கும் வரி. எல்லா எடுத்துக்காட்டு நிரல்களிலும் அது முதலில் வரும், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆனால் எந்த பஸ்ஸோடு பேசப்போகிறோம், அந்த இணைப்பு யாருக்குச் சொந்தம், அது எப்போது தயாராகும், எப்போது சாகும் என்ற நான்கு முடிவுகளையும் அந்த வரிதான் எடுக்கிறது. நாம் எடுக்காவிட்டால் லைப்ரரி நமக்காக எடுத்துவிடும். என் விஷயத்தில் நடந்தது அதுதான்.

கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்கிறேன். லினக்ஸ் கணினியில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பிராசஸ்கள், அதாவது ஓட்டத்தில் இருக்கும் நிரல்கள், ஓடுகின்றன, அவை ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். வைஃபையை நெட்வொர்க்மேனேஜர் பார்த்துக்கொள்கிறது, புளூடூத்தை புளூஇசட், பேட்டரியை யூபவர், யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்பதை லாகின்டி. திரையின் மூலையில் பேட்டரி சதவீதம் காட்டும் நிரல் யூபவரிடம் கேட்டாக வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி சாக்கெட் (பேச்சு போய்வரும் இணைப்பு முனை), தனித்தனி மொழி என்று வைத்தால் சமாளிக்க முடியாது. 2002இல் ஹாவோக் பென்னிங்டனும் இன்னும் சிலரும் டி-பஸ்ஸைத் தொடங்கியது இதற்காகத்தான். அதற்கு முன் லினக்ஸ் டெஸ்க்டாப்களில் க்னோம் பக்கம் கோர்பா, கேடிஇ பக்கம் டிகாப் என்று ஆளுக்கொரு வழி இருந்தது. 2006 நவம்பரில் டி-பஸ் 1.0 வந்தது, 2008 ஜனவரியில் வெளியான கேடிஇ 4 டிகாப்பைக் கைவிட்டு இதற்கு மாறியது, அப்புறம் டெஸ்க்டாப் உலகம் முழுக்க இதுவே பொது வழி ஆனது.

டி-பஸ்ஸில் நடுவே ஒரு டீமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல், இருக்கும். எல்லாரும் அதனிடம் ஒரு யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இணைந்துகொள்வார்கள், செய்தியை அதனிடம் கொடுத்தால் உரியவரிடம் அது சேர்க்கும். இதில் பலரும் சரியாக மனதில் வாங்காத ஒன்று, பஸ் என்பது ஒன்று அல்ல. கணினி முழுவதற்கும் பொதுவாக ஒரு சிஸ்டம் பஸ். உள்ளே நுழைந்திருக்கும் ஒவ்வொரு யூசருக்கும் தனியாக ஒரு யூசர் பஸ், பழைய பேச்சில் செஷன் பஸ். இரண்டுக்கும் நடுவே வாசல் எதுவும் கிடையாது. சிஸ்டம் பஸ்ஸில் பதிந்த பெயர் யூசர் பஸ்ஸில் தெரியாது, இங்கே இருப்பது அங்கே தெரியாது. என் பேக்கப் சர்வீஸ் பெயரைப் பதிவது யூசர் பஸ்ஸில், க்ரான் ஓட்டிய நிரல் சிஸ்டம் பஸ்ஸில் போய் அதே பெயரைக் கேட்டது. இல்லை என்ற பதில் முழுக்க சரியான பதில்.

சரி, சி-யில் இதை எழுத என்னென்ன லைப்ரரிகள் உண்டு? ஆரம்பத்திலிருந்து இருப்பது லிப்டிபஸ். அதன் ஆவணமே, இதை நேரடியாகப் பயன்படுத்தினால் கஷ்டத்தை நீங்களே விலைக்கு வாங்குகிறீர்கள் என்ற பொருளில் எச்சரிக்கும். மற்ற லைப்ரரிகளுக்கு அடித்தளமாக இருக்கட்டும் என்று எழுதப்பட்டது அது. க்னோம் உலகின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஜிடிபஸ், 2010இல் ஜிலிப் 2.26 பதிப்போடு வந்தது. மூன்றாவது எஸ்டி-பஸ், லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் உள்ளே பல காலம் இருந்துவிட்டு, 2015 ஜூனில் 221ஆம் பதிப்பில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஜிலிப் தேவையில்லாத புது சி நிரல் என்றால் இன்றைக்கு நான் எஸ்டி-பஸ்தான் எடுப்பேன். கோட் சுருக்கமாக இருக்கும், பிழைகளை நெகடிவ் எண்ணாகத் திருப்பித் தரும் பழக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். இனி சொல்லப்போவதெல்லாம் பெரும்பாலும் அதை வைத்துத்தான். அதன் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாமே 'எஸ்டி பஸ்' என்று தொடங்கும், அந்த முன்னொட்டை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுகிறேன்.

திறக்கும் ஃபங்ஷன்கள் இரண்டு குடும்பம். 'ஓப்பன்', 'ஓப்பன் யூசர்', 'ஓப்பன் சிஸ்டம்' ஒரு குடும்பம். 'டீஃபால்ட்', 'டீஃபால்ட் யூசர்', 'டீஃபால்ட் சிஸ்டம்' இன்னொன்று. பெயரின் கடைசியில் யூசர், சிஸ்டம் என்று இருந்தால் எந்த பஸ் என்பதில் குழப்பமில்லை. எதுவும் ஒட்டாத வெறும் 'ஓப்பன்' தான் வம்பு. நான் எழுதியது அதைத்தான்.

வெறும் 'ஓப்பன்' என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில், நம்மை பஸ்ஸே எழுப்பிவிட்டிருந்தால் டி-பஸ் ஸ்டார்ட்டர் என்று தொடங்கும் சூழல் மாறிகளை (நிரல் தொடங்கும்போது அதன் கையில் கொடுக்கப்படும் மதிப்புகள்) வைத்திருக்கும், அவை இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் எழுப்பிய பஸ்ஸுக்கே போகும், அது நியாயம். இல்லாவிட்டால், கெர்னல் பிராசஸ்களைக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கும் சிகுரூப் மரத்தில் இந்த பிராசஸ் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும். ஒரு யூசருக்குரிய ஸ்லைஸ் என்ற கிளையின் கீழ் இருந்தால் யூசர் பஸ், அப்படி இல்லாவிட்டால் சிஸ்டம் பஸ். யூசர் எண் 1000 ஆகவே இருந்தாலும் கணக்கில்லை, எந்தக் கிளை என்பதுதான் கணக்கு. எஸ்எஸ்ஹெச் வழியாக நான் நுழைந்து ஓட்டும்போது நிரல் என் ஸ்லைஸின் கீழ் இருக்கிறது. டெபியனில் க்ரான் ஓட்டும்போது, அது என் பெயரில்தான் ஓடுகிறது என்றாலும், சிஸ்டம் ஸ்லைஸின் கீழ் க்ரான் சர்வீஸின் கிளையில் கிடக்கிறது. ஒரே பைனரி, ஒரே யூசர், வேறு வேறு பஸ்.

இந்த வசதி எதற்கு வைத்தார்கள் என்பது புரிகிறது. ஒரே சர்வீஸை சிஸ்டத்துக்கும் யூசருக்கும் இரண்டு விதமாக ஓட்ட நினைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால் எந்த பஸ்ஸோடு பேச வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும் நிரலில், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு நிரல்களில், பெயரைச் சொல்லித் திறப்பதுதான் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

'ஓப்பன் யூசர்' என்று மாற்றினேன். அன்று ராத்திரி வேறு பிழை: 'நோ மீடியம் ஃபவுண்ட்'. சிடி டிரைவில் தட்டு இல்லாதபோது வரவேண்டிய வாசகம் இது, பஸ் திறக்கும்போது ஏன் வருகிறது என்று முதல் தடவை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். காரணம் எளிது. யூசர் பஸ்ஸின் முகவரியைக் கண்டுபிடிக்க லைப்ரரி இரண்டு சூழல் மாறிகளைப் பார்க்கிறது. முதலாவது டி-பஸ் செஷன் பஸ் அட்ரஸ், முகவரியை முழுசாகத் தருவது. அது இல்லாவிட்டால் எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் என்ற மாறி சொல்லும் டைரக்டரிக்குள் 'பஸ்' என்ற பெயரில் ஒரு சாக்கெட் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. யூசர் எண் 1000 என்றால் அந்த டைரக்டரி வழக்கமாக /ரன்/யூசர்/1000. இரண்டு மாறியும் இல்லையென்றால் முகவரியே தெரியாது, அதைச் சொல்ல இப்போதைய பதிப்புகள் 'இ-நோ-மீடியம்' என்ற எண்ணைத் தருகின்றன. சாக்கெட் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை என்பதுதான் அர்த்தம். சிஸ்டம் பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை கிடையாது, மாறி எதுவும் இல்லாவிட்டாலும் /ரன்/டிபஸ் டைரக்டரிக்குள் இருக்கும் நிலையான சாக்கெட்டுக்கு நேரே போய்விடும்.

சரி என்று க்ரான் கோப்பின் தலையில் எக்ஸ்டிஜி ரன்டைம் டிர் மாறிக்கு /ரன்/யூசர்/1000 என்று கையால் எழுதிவைத்தேன். மூன்றாவது ராத்திரி மூன்றாவது பிழை: 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. இப்போது எங்கே தேடுவது என்று தெரியும், போய்ப் பார்த்தால் சாக்கெட் இல்லை. இங்கேதான் முழுக் கதையும் எனக்கு விளங்கியது. யூசர் ஒருவருடைய கடைசி செஷன் முடிந்ததும் சிஸ்டம்டி அவருடைய சர்வீஸ்களை நிறுத்தி, யூசர் பஸ்ஸையும் நிறுத்தி, அந்த ரன்டைம் டைரக்டரியையே அழித்துவிடும். ராத்திரி 2 மணிக்கு நான் லாகின் ஆகி இருக்கவில்லை. அதனால் பஸ்ஸே இல்லை, பேக்கப் சர்வீஸும் இல்லை. காலையில் என்ன ஆயிற்று என்று பார்க்க நான் உள்ளே நுழைந்த அந்தக் கணத்தில் எல்லாம் மறுபடி உயிர் பெற்று, எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது போல என் முன்னால் நின்றது.

இது போன்ற பிழைகளை ஒரே வகையாகப் போட்டு "பஸ் கனெக்ட் ஆகவில்லை" என்று லாகில் எழுதுவது பெரிய தப்பு. பெயர் தெரியவில்லை என்றால் தவறான பஸ், அல்லது சர்வீஸ் ஓடவில்லை. மீடியம் இல்லை என்றால் சூழல் மாறி. கோப்பு இல்லை என்றால் பஸ் டீமனே அங்கே இல்லை. டாக்கர் கன்டெய்னருக்குள் இருந்து சிஸ்டம் பஸ்ஸைத் தேடுகிறவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பிழைதான். திருப்பி வந்த எண்ணை அப்படியே லாகில் எழுதுங்கள், எந்த பஸ்ஸைத் திறக்கப் பார்த்தீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். என் மூன்று ராத்திரியில் இரண்டு மிச்சமாகியிருக்கும்.

இனி சாக்கெட் கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இணைந்தவுடன் நம் பக்கம் முதலில் அனுப்புவது ஒரு வெற்று பைட், மதிப்பு பூஜ்யம். சில பழைய யூனிக்ஸ் அமைப்புகளில் அனுப்புகிறவர் யார் என்ற தகவலைக் கெர்னல் ஏதாவது ஒரு பைட்டோடு சேர்த்துத்தான் அனுப்பும், அந்தக் காலத்து ஏற்பாடு இன்றும் அப்படியே நிற்கிறது. அடுத்து ஒரு வரி எழுத்து: 'ஆத் எக்ஸ்டர்னல்', அதன் பின்னால் வழக்கமாக 31303030. இந்த எண் ஏதோ ரகசியம் போலத் தெரியும். 1000 என்ற யூசர் எண்ணின் நான்கு இலக்கங்களை அவற்றின் ஆஸ்கி எண்களாக, பதினாறடிமானத்தில் எழுதியது, அவ்வளவுதான். ஒன்றுக்கு 31, பூஜ்யத்துக்கு 30. "நான் யூசர் 1000, வேண்டுமானால் வெளியே விசாரித்துக்கொள்" என்று சொல்கிற மாதிரி. பஸ் டீமன் உண்மையில் அப்படித்தான் விசாரிக்கிறது, சாக்கெட்டின் மறுமுனையில் இருப்பது யார் என்று கெர்னலையே கேட்கும். கடவுச்சொல் எதுவும் இல்லை, பொய் சொல்லவும் வழியில்லை. கெர்னல் சொன்னதும் நாம் சொன்னதும் ஒத்துப்போனால் 'ஓகே' என்று, பின்னால் 32 எழுத்துள்ள ஓர் அடையாளத்தோடு பதில் வரும். திறந்த கோப்புகளைப் பஸ் வழியாக அனுப்பிக்கொள்ளலாமா என்று அடுத்து ஒரு சின்னப் பேரம். கடைசியாக 'பிகின்'.

அதுவரை போனதெல்லாம் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்து வரிகள். 'பிகின்'னுக்குப் பிறகுதான் பைனரி செய்திகள். முதல் செய்தி கட்டாயம் 'ஹலோ'வாக இருக்க வேண்டும், அதைப் பஸ் டீமனுக்கே அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு தனிப்பெயர் கிடைக்கும், :1.42 என்பது போல இருக்கும். அந்த பஸ் உயிரோடு இருக்கும் வரை அந்தப் பெயர் வேறு யாருக்கும் மறுபடி தரப்படாது. இந்தப் பெயர் கைக்கு வந்த பிறகுதான் நாம் பஸ்ஸில் ஓர் ஆள். எஸ்டி-பஸ் இதில் ஒரு நல்ல காரியம் செய்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பதில் வரும் வரை காத்திருக்காமல், மேலே சொன்ன எழுத்து வரிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்பிவிடும், பதில்களைப் பிறகு வரிசையாகச் சரிபார்க்கும். போய் வரும் சுற்றுகள் குறையும். கணினி பூட் ஆகும்போது எத்தனையோ சர்வீஸ்கள் ஒரே சமயத்தில் பஸ்ஸை முட்டும் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

இங்கிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிளைக்கிறது. 'ஓப்பன் சிஸ்டம்' வெற்றி என்று திரும்பி வந்தால் இணைப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சாக்கெட்டில் சேர்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான். அடையாளச் சரிபார்ப்பும் 'ஹலோ'வும் இன்னும் நடுவழியில் இருக்கலாம். சாதாரண நிரல்களில் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் முதல் தடவை 'கால்' என்று ஒரு மெத்தடை அழைத்ததும் லைப்ரரி, இணைப்பு முழுசாகத் தயாராகும் வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் மேலே போகும். அதனால் இணைப்புத் தகராறு சில சமயம் திறக்கும் வரியில் வராமல் அழைக்கும் வரியில் வந்து நிற்கும். ரூட்டாக மாறிக்கொண்டு இன்னொரு யூசருடைய பஸ் சாக்கெட்டைத் திறக்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ரூட் எந்தக் கோப்பையும் திறக்கலாம் என்பதால் சாக்கெட் திறந்துவிடும். ஆனால் யூசர் பஸ் தன் சொந்த யூசர் எண்ணைத் தவிர மற்றவரை ஏற்காது, ரூட்டின் எண்ணான பூஜ்யத்தைக் கேட்டவுடன் அனுமதி மறுத்துவிடும். "திறந்ததே, ஏன் பேச முடியவில்லை" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் ஈவென்ட் லூப் வைத்து எழுதுகிறவர்கள் 'இஸ் ரெடி' என்று கேட்டுப் பார்க்கலாம், அல்லது இணைந்ததும் ஒரு சிக்னல், அதாவது அறிவிப்புச் செய்தி, வரும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

அப்புறம் 'ஓப்பன்' குடும்பத்துக்கும் 'டீஃபால்ட்' குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம். 'ஓப்பன்' ஒவ்வொரு தடவையும் புது சாக்கெட், புது கைகுலுக்கல், புதுத் தனிப்பெயர். 'டீஃபால்ட்' அப்படி இல்லை. இந்த த்ரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளில் ஒன்று) ஏற்கெனவே ஓர் இணைப்பு இருந்தால் அதையே, எத்தனை பேர் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்ற ரெஃபரன்ஸ் கணக்கை ஒன்று கூட்டித் திருப்பித் தரும், இல்லாவிட்டால்தான் புதிதாகத் திறக்கும். நிரலின் பத்து இடங்களில் பஸ் தேவைப்படுகிறது, பாயிண்டரை எல்லா இடத்துக்கும் கடத்திக்கொண்டே போக மனமில்லை என்றால் இது மிகவும் வசதி. த்ரெட்டுக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஒரு பஸ் ஆப்ஜெக்டை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது என்பது எஸ்டி-பஸ்ஸின் அடிப்படை விதி, உள்ளே பூட்டு எதுவும் இல்லை. 'டீஃபால்ட்' த்ரெட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பதால் அந்த விதி தானாகவே காப்பாற்றப்படுகிறது.

வசதி இருக்கும் இடத்தில் இரண்டு குழிகளும் இருக்கின்றன. ஒன்று, 'டீஃபால்ட்' வழியாக வாங்கியதைக் கடைசி ஆளும் விட்டுவிட்டால் இணைப்பு மூடப்படும். அடுத்து யாராவது கேட்டால் புது இணைப்பு, புதுத் தனிப்பெயர், முன்பு கேட்டு வைத்திருந்த சிக்னல்கள் எதுவும் வராது. ஒரு ஃபங்ஷனுக்குள் வாங்கி அங்கேயே விட்டுவிடும் கோட், ஒவ்வொரு அழைப்புக்கும் பஸ்ஸை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கும், எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. வேலை நடக்கும், மெதுவாக நடக்கும். மெயினின் தொடக்கத்திலேயே ஒரு ரெஃபரன்ஸை வாங்கிக் கடைசி வரை கையில் வைத்திருந்தால் இது போய்விடும். இரண்டாவது குழி ஆழமானது. பகிர்ந்துகொள்ளும் இணைப்பின் மேல் 'க்ளோஸ்' போட்டால், நிரலின் வேறு மூலையில் அதையே நம்பியிருக்கும் ஒருவருடைய இணைப்பும் சேர்ந்து அறுந்துவிடும். கிணறு பொதுவாக இருக்கும்போது நம் வாளியை எடுத்துக்கொண்டு போகலாம், கிணற்றை மூடிவிட்டுப் போகக்கூடாது.

லிப்டிபஸ் இதையே இன்னும் கடுமையாகச் சொல்லும். அங்கே 'பஸ் கெட்' தருவது பகிர்ந்த இணைப்பு, அதை மூடுவது நிரலின் பிழையாகவே கருதப்படும். 'கெட் பிரைவேட்' என்று தனியாக வாங்கியதைத்தான் மூடலாம். இன்னொன்றும் அங்கே உண்டு, 'பஸ் கெட்' வழியாக வாங்கிய இணைப்பு அறுந்தால் லைப்ரரி நம் நிரலையே நிறுத்திவிடும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. டெஸ்க்டாப்பில் யூசர் வெளியேறியதும் அவருடைய நிரல்களும் போகட்டும் என்பது இதன் எண்ணம், அங்கே அது சரி. ஜிடிபஸ்ஸிலும் 'பஸ் கெட்' இதே இயல்போடுதான் வருகிறது. ஆனால் நாள் முழுக்க ஓட வேண்டிய டீமனில் இதை அணைக்க மறந்தால், பஸ் டீமன் ஒரு தடவை மறுபடி தொடங்கியதும் உங்கள் சர்வீஸ் லாகில் ஒரு வார்த்தை கூட இல்லாமல் காணாமல் போகும்.

எஸ்டி-பஸ்ஸில் முடிக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ரெஃபரன்ஸை விடும் 'அன்ரெஃப்' மட்டும் போட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் க்யூவில் இன்னும் அனுப்பப்படாத, அல்லது வந்தும் படிக்கப்படாத செய்திகள் ஒவ்வொன்றும் பஸ் ஆப்ஜெக்டின் மேல் ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். பஸ் செய்தியைப் பிடித்திருக்க, செய்தி பஸ்ஸைப் பிடித்திருக்க, நாம் விட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று விடாது. மெமரியும் சாக்கெட்டும் அப்படியே நிற்கும். அதற்காகவே 'ஃப்ளஷ் க்ளோஸ் அன்ரெஃப்' என்று நீளமான பெயரில் ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள். போகவேண்டியதை அனுப்பு, வந்ததைத் தூக்கிப்போட்டு மூடு, பிறகு விடு என்று மூன்றையும் வரிசையாகச் செய்யும். சொந்தமாக 'ஓப்பன்' செய்த இணைப்புக்கு இதையே போடுங்கள். ஜிசிசியின் க்ளீனப் வசதியோடு சேர்த்துக்கொண்டால், ஃபங்ஷன் நடுவே எங்கே ரிட்டர்ன் ஆனாலும் தானாக நடந்துவிடும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம், இன்றைக்குத்தான் மெமரி நிறைய இருக்கிறதே. மெமரி இருக்கிறது, ஆனால் சிஸ்டம் பஸ்ஸில் ஒரு யூசருக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு இருக்கிறது. வழக்கமான டிபஸ்-டீமனில் அது 256. நிமிடத்துக்கு ஒரு தடவை பேட்டரி அளவைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்து, மூடாமல் விடும் நிரல் நாலரை மணி நேரத்துக்குள் அந்த வரம்பைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு அந்த நிரல் மட்டும் நிற்காது, அதே யூசர் பெயரில் ஓடும் மற்ற நிரல்களும் பஸ்ஸுக்குள் நுழைய முடியாது. தப்பு ஓரிடத்தில், கூச்சல் வேறிடத்தில்.

ஒரு பிராசஸ் தன் நகலாக இன்னொரு பிராசஸை உருவாக்கும் ஃபோர்க் பற்றி ஒரு வார்த்தை. தாய் பிராசஸ் திறந்த பஸ் ஆப்ஜெக்டை சேய் பிராசஸ் தொடவே கூடாது. இருவரும் ஒரே சாக்கெட்டில் எழுதினால் செய்திகள் கலந்து பாழாகும். எஸ்டி-பஸ் தான் உருவான பிராசஸ் எண்ணை நினைவில் வைத்திருந்து, வேறு பிராசஸிலிருந்து அழைத்தால் 'இ-சைல்ட்' என்று மறுத்துவிடும். முதலில் ஃபோர்க், பிறகு திறப்பது, இதுவே வரிசை.

வேறு கணினியின் பஸ்ஸையும் திறக்கலாம். 'ஓப்பன் சிஸ்டம் ரிமோட்' என்பது உள்ளுக்குள் எஸ்எஸ்ஹெச் நிரலையே ஒரு சேய் பிராசஸாக ஓட்டி, அந்தப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தை எழுப்பி, அதன் வழியே பேசுகிறது. யூனிக்ஸ் சாக்கெட் நம்பும் கெர்னல் சாட்சி நெட்வொர்க்கைத் தாண்டி வராது, அதனால் அந்த இடத்தில் எஸ்எஸ்ஹெச்சின் சாவிகளை நம்புகிறார்கள். எனக்கு இது மிகவும் நேர்மையான தீர்வாகப் படுகிறது. 'ஓப்பன் சிஸ்டம் மெஷின்' இதே கணினியில் ஓடும் கன்டெய்னருக்குள் போக.

சூழல் மாறிகளை நம்பித்தான் முகவரி என்று மேலே சொன்னேன், அதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. டி-பஸ் முகவரிகளில் ஒரு வகை, சாக்கெட்டைத் திறப்பதற்குப் பதிலாக ஒரு நிரலை ஓட்டி அதன் உள்ளீடு வெளியீட்டோடு பேசும். முகவரி என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு கட்டளையாகவும் இருக்கலாம். செட்யூஐடி நிரல், அதாவது யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடும் நிரல், சிஸ்டம் பஸ் முகவரியைச் சூழல் மாறியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரண யூசர் அந்த மாறியில் தனக்கு வேண்டியதை எழுதிவிட்டு அந்த நிரலை ஓட்டினால் போதும். 2012இல் சிவிஇ-2012-3524 என்ற எண்ணில் லிப்டிபஸ்ஸில் வெளிவந்த ஓட்டை இந்த மாறியைப் பற்றியதுதான். அதற்குப் பிறகு, உரிமை உயர்த்தப்பட்ட நிரலுக்குள் இருக்கிறோம் என்று தெரிந்தால் லைப்ரரிகள் இந்த மாறிகளைப் படிப்பதே இல்லை. எஸ்டி-பஸ்ஸும் பாதுகாப்பான வழியில்தான் சூழல் மாறிகளைப் படிக்கிறது. நீங்களே சூழல் மாறியைப் படித்து முகவரியாகக் கொடுக்கும் கோட் எழுதினால், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.

என் நிரலுக்கு வருகிறேன். 'ஓப்பன் யூசர்' அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். லாகின்சிடிஎல் கட்டளையில் 'எனேபிள்-லிங்கர்' போட்டு, நான் லாகின் ஆகாவிட்டாலும் கணினி எழும்போதே என் சர்வீஸ்களை நடத்தும் யூசர் மேனேஜரும் யூசர் பஸ்ஸும் எழும்படி செய்தேன். க்ரானை எடுத்துவிட்டு அந்த வேலையை சிஸ்டம்டியின் யூசர் டைமரிடம் கொடுத்தேன். டைமர் ஓட்டும்போது நிரல் என் ஸ்லைஸின் கீழேயே இருக்கிறது, ரன்டைம் டைரக்டரியின் மாறியை மேனேஜரே வைத்துக் கொடுக்கிறது, நான் கையால் எழுதிய /ரன்/யூசர்/1000 வரிக்கு வேலையில்லாமல் போனது. பஸ் திறந்ததும் எந்த பஸ், கிடைத்த தனிப்பெயர் என்ன என்று ஒரு வரி லாக் சேர்த்தேன். அடுத்த நாள் காலை பார்த்தபோது ராத்திரி 2 மணி 0 நிமிடத்துக்கு நேரே யூசர் பஸ், :1.17 என்று இருந்தது, அதற்குக் கீழே பேக்கப் தொடங்கியதற்கான வரி.